வலிக்கு நல்லது என்றால், எந்த வலிக்கு? ஒரு திபெத்திய மூலிகையைச் சோதிக்கும் முறை

திபெத்தியப் பீடபூமியில் 3,000 மீட்டருக்கு மேலே, மரம் முளைக்காத புல்வெளிகளில், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு செடி உண்டு. உயரம் 10 செ.மீ.யைத் தாண்டாது. பெரும்பாலும் நான்கே இலைகள். அவையும் நிமிர்ந்து நிற்காமல், நரம்புகள் புடைத்துச் சுருக்கம் விழுந்து, அப்பளத்தைத் தரையில் காயவைத்த மாதிரி நாலாபக்கமும் விரிந்து கிடக்கும். நடுவிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு குட்டைப் பூங்கதிர் எழும். லாமியோஃப்ளோமிஸ் ரொட்டேட்டா என்பது தாவரவியல் பெயர். அண்மைக்கால நூல்களில் ஃப்ளோமாய்டிஸ் ரொட்டேட்டா என்றும் இருக்கும், இரண்டும் ஒரே செடிதான். துளசி, தும்பை, புதினா சேர்ந்த குடும்பம். சிக்கிம், நேபாளம், பூட்டான் பக்கமும் வளர்கிறது.

திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவில் இதற்குத் தாபாக் என்று பெயர். அடிபட்ட வீக்கம், எலும்பு முறிவு, இரத்தக்கசிவு, மூட்டுவலி ஆகியவற்றுக்குக் கொடுப்பார்கள். சீனர்கள் வைத்த பெயர் 'துயீவெய்'. 'ஒற்றைச் சரக்கு' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். திபெத்திய மருந்துகளில் பெரும்பாலானவை பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்துகள். இது தனித்தும் கொடுக்கப்படுகிற சரக்கு. சோதிக்கிறவருக்கு இது பெரிய வசதி. 25 சரக்கு சேர்ந்த ஒரு மாத்திரையில் வேலை செய்தது எது என்று தேடுவதைவிட, ஒரே செடியை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பது சுலபம்.

கேள்வி என்னவோ எளிமையானதுதான்: இது வலியையும் வீக்கத்தையும் குறைக்கிறதா? ஆனால் 'வலி' என்பது ஒரே பொருள் இல்லை. சூட்டுக்கோல் பட்டதும் கையை இழுக்கும் வலி, மறுநாள் அந்த இடம் வீங்கி விண்விண் என்று தெறிக்கும் வலி, நரம்பு நசுங்கி மாதக்கணக்கில் எரியும் வலி என்று மூன்றும் உடம்புக்குள் மூன்று வழிகளில் ஓடுகின்றன. ஒவ்வொரு சோதனையும் இவற்றில் ஒன்றைத்தான் தொடும். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால், 'மூலிகையின் வலி நிவாரணி ஆற்றல் நிரூபணம்' என்கிற தலைப்புச் செய்தியை எப்படி வாசிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

செடி அதுதானா?

பல ஆய்வுகள் இங்கேயே சறுக்கிவிடுகின்றன. சந்தையில் காய்ந்து நொறுங்கிய சரக்காக வாங்கினால், அது எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தப் பருவத்தில் பறித்தது என்று எதுவும் தெரியாது. அதனால் பூவோடும் வேரோடும் ஒரு முழுச் செடியை அழுத்தி உலர்த்தி, எண் கொடுத்து, ஒரு தாவர மாதிரிக் காப்பகத்தில் வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க அந்த ஒரு தாள்தான் சாட்சி.

அடுத்து வேதியியல் அடையாளம். இந்தச் செடியின் முக்கியச் சரக்கு இரிடாய்டு கிளைகோசைடுகள் என்ற கசப்புப் பொருள்கள். அவற்றில் இரண்டை அடையாளக் குறியாக வைத்திருக்கிறார்கள்: ஷான்சிசைடு மெத்தில் எஸ்டர், 8-ஓ-அசிட்டைல் ஷான்சிசைடு மெத்தில் எஸ்டர். காய்ந்த சரக்கில் இரண்டும் சேர்ந்து குறைந்தது 0.50 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சீன அரசின் மருந்துத் தர நூல் வைத்திருக்கும் அளவு. கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டி இந்த அளவைக் குறித்துக்கொள்ளாமல் எலிக்குக் கொடுத்தால், அடுத்த தொகுதிச் செடியில் முடிவு மாறும்போது காரணம் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையையும் இப்போதே முடித்துவிட வேண்டும். கடையில் வாங்கிய பொடியிலோ மாத்திரையிலோ டெக்ஸாமெத்தசோன், டைக்ளோஃபெனாக் போன்ற ஆங்கில மருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. மூட்டுவலிக்கு விற்கும் மூலிகைப் பொடிகளில் இந்தக் கலப்படம் உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. அப்படிக் கலந்த சரக்கு எல்லாச் சோதனையிலும் பிரமாதமாகத் தேறும். முடிவு ரொம்ப நன்றாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சரக்கைத்தான்.

சாறு இறக்குவது

நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்த பொடி 100 கிராம். அதற்குப் பத்து மடங்கு, அதாவது 1 லிட்டர், தண்ணீர் அல்லது 70 சதவீத எத்தனால். ஆவி மீண்டும் குடுவைக்கே திரும்பும்படி குளிர்விப்பானைப் பொருத்தி ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். சக்கையில் மறுபடி ஊற்றி இன்னொரு முறை. இரண்டு வடிநீரையும் சேர்த்து, சுழல் ஆவியாக்கியில் 50 டிகிரிக்குக் கீழே வைத்து வற்றவிட வேண்டும். அவசரப்பட்டு அடுப்பிலேயே சுண்டக் காய்ச்சினால், சர்க்கரை ஒட்டிய அந்தக் கசப்புப் பொருள்கள் சிதைந்து, சாறு கறுத்துவிடும். அமிலம் பட்டாலும் இதே கதி.

தண்ணீரா, எத்தனாலா? மரபில் கஷாயமாகவோ பொடியாகவோதான் கொடுத்திருக்கிறார்கள். மரபின் கூற்றைச் சோதிப்பதாகச் சொல்லிவிட்டு, எண்ணெய்ப் பொருள்களையே கரைக்கும் ஹெக்ஸேனில் சாறு எடுத்தால், பாட்டி வைத்த ரசத்தைச் சோதிக்கப் போய் அதில் மிதக்கும் எண்ணெயை மட்டும் வழித்துக் குடித்த மாதிரி ஆகிவிடும். புதிய மூலக்கூறு தேடுகிறவர் அப்படிச் செய்யலாம். ஆனால் அப்போது கேள்வி வேறு.

கடைசியில் மிஞ்சிய உலர்ந்த சாற்றை எடைபோட வேண்டும். 100 கிராம் பொடிக்கு 20 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் 20 சதவீதம். இந்த எண் இல்லாத கட்டுரையில் 'டோஸ் 200 மில்லிகிராம்' என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அது செடியின் எடையா, சாற்றின் எடையா என்று யாருக்கும் தெரியாது.

எவ்வளவு கொடுப்பது?

மனிதருக்கான வழக்கமான அளவு நாளைக்கு 3 கிராம் செடி என்று கொள்வோம். 60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு 50 மில்லிகிராம். இதை அப்படியே எலிக்குக் கொடுக்கக் கூடாது. சின்ன உடம்பு மருந்தை வேகமாக எரித்துவிடும். உடற்பரப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். பெரிய வெள்ளை எலிக்கு 6.2ஆல் பெருக்க வேண்டும், சுண்டெலிக்கு 12.3ஆல். எலிக்குக் கிலோவுக்கு 310 மில்லிகிராம் செடி வருகிறது. விளைச்சல் 20 சதவீதம் என்பதால் சாறாக 62 மில்லிகிராம். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 615 மில்லிகிராம் செடி, சாறாக 123.

250 கிராம் எலிக்கு ஒரு வேளை 15.5 மில்லிகிராம் சாறு. வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கொடுக்கும் நீர் கிலோவுக்கு 10 மில்லி என்றால், இந்த எலிக்கு 2.5 மில்லி. ஆகவே ஒரு மில்லியில் 6.2 மில்லிகிராம் இருக்கும்படி கரைக்க வேண்டும். இதில் பாதி, இதே அளவு, இதைப்போல் இரு மடங்கு என்று மூன்று அளவுகள் வைப்பது வழக்கம். அளவு கூடக்கூட விளைவும் கூடினால் நம்பிக்கை வரும். நடு அளவில் மட்டும் வேலை செய்து மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால், அது தற்செயலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் சாறு கொடுத்து 'வீக்கம் குறைந்தது' என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். நம் கணக்கில் அதை மனிதருக்குத் திருப்பிப் பாருங்கள்: எலிக்கு 1,000 என்றால் செடியாக 5,000, 6.2ஆல் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு சுமார் 806 மில்லிகிராம். 60 கிலோ ஆள் நாளைக்கு 48 கிராம் காய்ந்த இலை தின்ன வேண்டும்.

அதற்கும் முன்னால் நச்சுத்தன்மை. பல நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பின் 423ஆம் வழிகாட்டுதல்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எலிகள். கிலோவுக்கு 300 அல்லது 2,000 மில்லிகிராமில் தொடங்கி, 14 நாள் கவனித்து, எடை, மயிர் சிலிர்ப்பு, நடுக்கம், வயிற்றுப்போக்கு எல்லாம் குறிக்க வேண்டும். இந்தியாவில் இதில் எதைத் தொடுவதற்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். விலங்குக்கு வலி உண்டாக்கித்தான் வலி மருந்தைச் சோதிக்க முடியும் என்பது இந்தத் துறையின் கசப்பான உண்மை. அதனால்தான் கீழே வரும் ஒவ்வொரு சோதனையிலும் 'இத்தனை வினாடிக்கு மேல் விடக் கூடாது' என்று ஒரு வரம்பு இருக்கிறது. எலிகளின் எண்ணிக்கையிலும் கணக்கு உண்டு: தேவைக்கு மேல் எடுப்பது தவறு. முடிவே சொல்ல முடியாத அளவுக்குக் குறைவாக எடுப்பதும் தவறுதான், அத்தனையும் வீணாய்ப் போகும்.

வீக்கம்: எலியின் பாதமும் கடற்பாசியும்

அழற்சி என்றால் ஓரிடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிப்பது. அதற்கான சோதனைகளில் மூத்தது காராஜீனன் பாத வீக்கம். 1962இல் வின்டர், ரிஸ்லி, நஸ் என்ற மூவர் வெளியிட்ட முறை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. காராஜீனன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கோந்து. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்ப்பது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் கரைகளில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கிடைப்பதும் இந்தக் குடும்பப் பொருள்தான். அது கப்பா வகை. எலிச் சோதனைக்கு லாம்டா வகையையே பெரும்பாலும் வாங்குகிறார்கள். வாயால் சாப்பிட்டால் பிரச்சினை இல்லாத இந்தக் கோந்தைத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினால், உடம்பு அதை அந்நியனாகப் பார்த்துக் கொதித்து எழும்.

செய்முறை இப்படி. எலிகளை முந்தைய இரவு பட்டினி போட வேண்டும்; தண்ணீர் மட்டும் உண்டு. கணுக்கால் எலும்பின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. ஒவ்வொரு எலியின் வலது பின்னங்காலையும் அந்தக் கோடு வரை அளவுமானியின் நீரில் முக்கி, இடம்பெயர்ந்த நீரின் அளவைக் குறிக்க வேண்டும். இதுதான் தொடக்க அளவு. பிறகு மருந்து. ஒரு மணி நேரம் கழித்து, உப்புக்கரைசலில் கரைத்த 1 சதவீத காராஜீனன் 0.1 மில்லியை உள்ளங்காலில் ஏற்ற வேண்டும். அப்புறம் 1, 2, 3, 4, 6 மணி நேரங்களில் மறுபடி அளவு.

குழுக்கள் குறைந்தது ஐந்து: வெறும் கரைசல் மட்டும் குடித்த கண்ட்ரோல், சாறு மூன்று அளவில், ஏற்கெனவே நிரூபணமான மருந்து ஒன்று. இண்டோமெத்தசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது வழக்கம். குழுவுக்கு எட்டு எலி என்றால் நாற்பது.

கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். மூன்றாம் மணியில் கண்ட்ரோல் குழுவின் சராசரி 1.10 மில்லியிலிருந்து 1.80 ஆனது, வீக்கம் 0.70. சாறு குடித்த குழு 1.12லிருந்து 1.54, வீக்கம் 0.42. குறைவு 0.28. அதை 0.70ஆல் வகுத்தால் 40 சதவீதம் தடுப்பு. 1.80க்கும் 1.54க்கும் நேரடியாக ஒப்பிட்டால் வெறும் 14 சதவீதம்தான் வரும். எது வகுக்கப்படுகிறது என்று பார்க்காமல் சதவீதத்தை நம்பக் கூடாது.

எந்த மணி நேரத்தில் வீக்கம் குறைந்தது என்பதுதான் இந்தச் சோதனையின் ருசியான பகுதி. முதல் ஒன்றரை மணி நேர வீக்கம், உடம்பே வெளிவிடும் ஹிஸ்டமின், செரடோனின் என்ற வேதிப்பொருள்கள் செய்வது. அதற்குப் பிறகு பிராடிகைனினும், மூன்றாம் மணியை ஒட்டி புரோஸ்டாகிளாண்டின்களும் கைக்கு எடுத்துக்கொள்கின்றன. இண்டோமெத்தசின், ஆஸ்பிரின் போன்றவை புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பவை என்பதால் அவற்றின் வேலை பிந்திய கட்டத்தில்தான் பளிச்சென்று தெரியும். சாறு முதல் மணியில் மட்டும் குறைத்தால், அது ஒவ்வாமை மாத்திரை போன்ற ஏதோ ஒன்றாக இருக்கலாம். மூன்றாம் மணிக்குப் பின் குறைத்தால் வலி மாத்திரை வழி என்று ஊகிக்கலாம். ஊகம்தான், இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

தவறுகள் கைவேலையில் வருகின்றன. கோந்து சரியாகக் கரையாமல் திப்பி திப்பியாக இருந்தால் ஒரு எலிக்கு அதிகம் போகும், இன்னொன்றுக்குக் குறைவாகப் போகும். முந்தைய நாளே கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. ஊசியை உடனே உருவினால் பாதிக் கோந்து வெளியே கசிந்துவிடும்; சில வினாடி உள்ளேயே வைத்திருந்து மெல்ல எடுக்க வேண்டும். மார்க்கர் கோடு அழிந்துபோய் அடுத்த முறை அரை செ.மீ. கூடுதலாக முக்கினால், அந்தப் பிழையே மருந்தின் விளைவைவிடப் பெரிதாக இருக்கும். காலை முக்குகிறவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரிந்தாலும் இதே விபத்துதான்: தனக்குத் தெரியாமலே கை கொஞ்சம் மேலேயோ கீழேயோ நின்றுவிடும். கூண்டுகளுக்குக் குறியீட்டு எண் ஒட்டுகிறவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர் என்று பிரித்துவிடுவதற்குச் செலவே கிடையாது. இருந்தும் பலர் செய்வதில்லை.

இன்னொரு கண்ணி நுட்பமானது. சாற்றை வாய்வழி கொடுக்காமல் வயிற்றுக்குள் ஊசியாக ஏற்றினால், செடிச்சாறே வயிற்று உறையை உறுத்தும். உடம்பு ஓரிடத்தில் எரிச்சலைச் சமாளிக்கும்போது இன்னோரிடத்து வீக்கம் குறையும். மருந்து வேலை செய்த மாதிரித் தோன்றும். உண்மையில் எலிக்கு வயிற்றெரிச்சல்.

சுண்டெலியின் காதில் சைலீன் என்ற எரிச்சலூட்டும் திரவத்தைத் தடவி, எட்டு மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி எடைபோடும் சோதனையும் உண்டு. வேகமானது, மலிவானது. ஆனால் அது சொல்வது அன்றைய வீக்கத்தைப் பற்றி மட்டுமே. திபெத்திய மருத்துவர்கள் இந்தச் செடியைக் கொடுப்பதோ 'சூசெர்' என்று அவர்கள் சொல்லும் 'மஞ்சள் நீர்' மூட்டில் தேங்கும் நோய்க்கு. அது நாள்பட்ட சங்கதி. அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஃப்ராய்ண்ட் துணைப்பொருளை ஏற்றி மூன்று, நான்கு வாரம் மூட்டழற்சியை வளரவிட்டுப் பார்க்கும் சோதனைதான். ஆறு மணி நேரப் பாத வீக்கத்தைக் காட்டி 'மூட்டுவாதத்துக்கு உகந்தது' என்று முடிப்பது பெரிய தாவல்.

வலி: மூன்று சோதனை, மூன்று பதில்

முதலாவது அசிட்டிக் அமில நெளிவு. சுண்டெலியின் வயிற்றுக்குள் 0.6 சதவீத அசிட்டிக் அமிலம், கிலோவுக்கு 10 மில்லி. அது வயிற்றை இறுக்கி, உடம்பை நீட்டி, பின்னங்காலை இழுத்து நெளியும். ஐந்து நிமிடம் விட்டு, அடுத்த 20 நிமிடத்தில் எத்தனை முறை நெளிந்தது என்று எண்ண வேண்டும். சின்ன விளைவையும் பிடித்துவிடும் சோதனை இது. அதுவே இதன் குறையும். தூக்க மருந்து கொடுத்தாலும் நெளிவு குறையும், தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தாலும் குறையும். ஆகவே கூடவே சுழலும் தடியில் சுண்டெலியை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் சுண்டெலி விழாமல் நிற்கும் நேரத்துக்குச் சாறு குடித்ததும் நின்றால், அது சொக்கிப் போகவில்லை என்று அர்த்தம். இந்தத் துணைச் சோதனை இல்லாத நெளிவு முடிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது சூட்டுத் தட்டு. 55 டிகிரியில் வைத்த தட்டில் சுண்டெலியை விட்டு, பின்னங்காலை நக்கும் அல்லது குதிக்கும் வரை எத்தனை வினாடி என்று பார்ப்பது. 30 வினாடிக்கு மேல் ஒருபோதும் விடக் கூடாது, பாதம் வெந்துவிடும். மருந்து கொடுக்கும் முன்பே சோதித்து, 5 வினாடிக்குள் குதிப்பதையும் 30 வினாடி ஆகியும் அசையாததையும் விலக்கிவிடுவார்கள். இந்தச் சோதனைக்குப் பெண் சுண்டெலிகளையே எடுக்கும் கூடங்கள் உண்டு: ஆணின் விதைப்பை சூட்டில் பட்டுவிட்டால் அது குதிப்பதற்கும் பாதத்துக்கும் சம்பந்தம் இருக்காது. மார்ஃபின் இதில் நன்றாகத் தேறும். ஆஸ்பிரின் வகையறாக்கள் பெரும்பாலும் தேறாது, ஏனென்றால் இங்கே அழற்சியே இல்லை, வெறும் சூடுதான். மூலிகை நெளிவில் தேறி இதில் தோற்றால் அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். மூளை, தண்டுவட மட்டத்தில் அது வேலை செய்யவில்லை போலும் என்று குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது ஃபார்மலின். பாதத்தில் 2.5 சதவீதக் கரைசல் 20 மைக்ரோலிட்டர். சுண்டெலி காலை நக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கூட்ட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நரம்பு முனையை நேரடியாகச் சுடும் வலி. பிறகு கொஞ்சம் அடங்கி, 15இலிருந்து 30 நிமிடம் வரை அழற்சியால் வரும் இரண்டாம் அலை. ஒரே சுண்டெலியில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுவதால், ஒன்றே ஒன்றுதான் செய்யலாம் என்றால் இதைச் செய்வது மேல். மார்ஃபின் இரண்டு அலையையும் அடக்கும். அழற்சி மாத்திரைகள் இரண்டாம் அலையை மட்டும்.

தாபாக் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு திசையில் போனது. 2010களில் ஷாங்காய் ஆய்வாளர்கள் இதன் இரிடாய்டுகளை நரம்பு வலி வந்த எலிகளில் சோதித்தார்கள். அவர்கள் கண்டது, தண்டுவடத்தில் ஜி.எல்.பி.-1 ஏற்பிகளை, அதாவது செல்லில் பூட்டு போல இருக்கும் புரதங்களை, இவை தூண்டுகின்றன. அதனால் அங்குள்ள மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் பீட்டா-எண்டார்ஃபின் என்ற உடம்பின் சொந்த வலி நிவாரணியைச் சுரக்கின்றன. ஜி.எல்.பி.-1 என்றால் இன்று சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அந்த செமாக்ளுடைடு பிடிக்கும் அதே ஏற்பி. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பூட்டை முதலில் அடைத்துவிட்டுச் சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான். ஏற்பியை மறிக்கும் பொருளைத் தண்டுவடத்தில் முன்கூட்டியே செலுத்தி, பிறகு மூலிகைப் பொருளைக் கொடுக்க வேண்டும். வலி நிவாரணம் காணாமல் போனால் வழி அதுதான். மார்ஃபின் வேலை செய்யும் ஓபியாய்டு வழியை, அதை மறிக்கும் நாலொக்சோன் கொடுத்துச் சோதிப்பதும் இதே தர்க்கம்.

எலியில் கண்ட இந்த வழி மனிதரிலும் அப்படியே இருக்கும் என்று இதிலிருந்து பெற முடியாது. வாயால் சாப்பிடும் கிளைகோசைடு முதலில் குடல் பாக்டீரியாக்களைத் தாண்ட வேண்டும். அவை சர்க்கரையைக் கழற்றி வேறொரு மூலக்கூறாக மாற்றிவிடலாம்.

தட்டில் வளரும் செல்

செல் சோதனையைப் பலர் முதலில் செய்கிறார்கள், காரணம் மலிவு. சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் வகைச் செல்களை, அதாவது கிருமியை விழுங்கும் செல்களை, 96 குழித் தட்டில் வளர்த்து, எல்.பி.எஸ். என்ற பாக்டீரியா உறைப்பொருளை மில்லிக்கு 1 மைக்ரோகிராம் சேர்த்தால் அவை சினந்து நைட்ரிக் ஆக்சைடு கக்கும். 24 மணி நேரம் கழித்து மேல்நீரை எடுத்து, நைட்ரிக் ஆக்சைடைக் காட்டிக்கொடுக்கும் கிரீஸ் (Griess) வினைப்பொருள் ஊற்றினால் இளஞ்சிவப்பு. 540 நானோமீட்டரில் அளக்கலாம். சாறு சேர்த்த குழியில் நிறம் வெளுத்தால் அழற்சி குறைந்தது.

அல்லது செல் செத்துப்போனது. செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு கக்காது. எம்.டி.டி. சோதனை செய்து 90 சதவீதமாவது உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்காமல் வெளுத்த நிறத்தைக் கொண்டாடக் கூடாது. சாற்றின் பழுப்பு நிறம் அளவீட்டில் கலந்துவிடுகிறதா என்று செல் இல்லாத குழியிலும் பார்க்க வேண்டும். கரைப்பானாக டி.எம்.எஸ்.ஓ. ஊற்றினால் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்து, அதே அளவை கண்ட்ரோல் குழியிலும் ஊற்ற வேண்டும். மண்ணோடு கிடந்த செடி என்பதால் சாற்றிலேயே பாக்டீரியா எல்.பி.எஸ். வந்துவிடுவதும் உண்டு, அப்போது மருந்தே அழற்சியைக் கிளப்பும், குழப்பம் ஆரம்பமாகும். சாறு மட்டும் ஊற்றிய ஒரு குழி இருந்தால் இது உடனே தெரிந்துவிடும்.

மில்லிக்கு 200, 400 மைக்ரோகிராம் சாறு ஊற்றித்தான் விளைவு வந்தது என்றால், அந்தச் செறிவு இரத்தத்தில் ஒருநாளும் எட்டாது. அந்த முடிவைக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மனிதரில்

இந்தச் செடியின் மாத்திரைகளும் குளிகைகளும் சீனாவில் பல வருடங்களாக விற்பனையில் இருக்கின்றன. இந்தியாவில் சோவா ரிக்பாவுக்கு 2010இல் சட்டபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. லடாக்கின் லே நகரில் அதற்கென்று தேசிய நிறுவனமும் இருக்கிறது. ஆகவே மனிதச் சோதனை வெறும் கனவு இல்லை. ஆனால் எலிக்கு இல்லாத ஒரு தொல்லை மனிதருக்கு உண்டு: எதிர்பார்ப்பு. முழங்கால் தேய்மானச் சோதனைகளில் வெறும் மாவு மாத்திரை விழுங்கியவர்களுக்கே வலி கணிசமாகக் குறைவது வழக்கம். அதனால் போலி மாத்திரை இல்லாத சோதனையில் 'வலி குறைந்தது' என்று சொன்னால், மூலிகை குறைத்ததா, மருத்துவர் அன்பாகப் பேசியது குறைத்ததா, தானாகவே குறைந்ததா என்று பிரிக்க முடியாது.

போலி மாத்திரை செய்வதும் சுலபமில்லை. இது கசப்புச் செடி, வாசனையும் உண்டு. நோயாளி முதல் வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். நிறமுள்ள கெட்டிக் குளிகைக்குள் அடைத்து, போலியிலும் அதே நிறப் பொடி போட்டு, வாசனைக்கு மிகச் சிறு அளவில் உண்மைச் சரக்கைத் தூவுவது ஒரு வழி. சோதனை முடிவில் 'உங்களுக்கு எது கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் மறைப்பு உடைந்துவிட்டது.

வலியை அளக்க 100 மில்லிமீட்டர் கோடு. இடது முனை வலியே இல்லை, வலது முனை தாங்கவே முடியாத வலி. நோயாளி தானே குறி போடுவார். இரண்டு குழுவுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், நோயாளிகள் அதிகம் இருந்தால் புள்ளியியலில் தேறிவிடும், ஆனால் மாடிப்படி ஏறுகிறவருக்குத் தெரியாது. அவசரத்துக்கு பாரசிட்டமால் அனுமதித்துவிட்டு, யார் எத்தனை விழுங்கினார் என்று எண்ணினால் அது கோட்டைவிட நேர்மையான சாட்சி. எதை அளக்கப்போகிறோம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். இல்லையென்றால் பத்து விஷயத்தை அளந்துவிட்டு, தேறிய ஒன்றை மட்டும் எழுதும் சபலம் வரும்.

தாபாக்குக்கென்று கூடுதலாக ஒரு கவனம். மரபில் இது இரத்தக்கசிவை நிறுத்தவும் கொடுக்கப்படுவது. வழக்கமான வலி மாத்திரைகள் பலவும் இதற்கு நேர் எதிர். இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தி வயிற்றில் புண் உண்டாக்குபவை. மரபு சொல்வது உண்மையானால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இது வசதியான மருந்து. அதே காரணத்தால் இதய அடைப்புக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவருக்கு ஆபத்தாகவும் ஆகலாம். இரத்தம் நிற்கும் நேரத்தை எலியிலும் மனிதரிலும் அளக்காமல் இந்தச் செடியின் சோதனை முழுமை அடையாது. மூட்டுவலிக்காரர்களில் பலர் இதய மருந்தும் சாப்பிடும் வயதில்தான் இருக்கிறார்கள்.

வேரா, இலையா?

கடைசியாக ஒரு சோதனை. இது எலிக்கும் நோயாளிக்கும் வெளியே, புல்வெளியில் எதிரொலிப்பது. முன்பு இந்தச் செடியை வேரோடு பிடுங்கித்தான் பயன்படுத்தினார்கள். குளிர்ந்த மேட்டு நிலத்தில் மெதுவாக வளரும் செடி. வேரைப் பிடுங்கினால் அந்த இடம் வெறும் மண். மருந்துக் கம்பெனிகள் மூட்டை மூட்டையாக வாங்க ஆரம்பித்ததும் மேய்ச்சல் நிலங்களில் செடி அருகத் தொடங்கியது.

வேரையும் இலையையும் தனித்தனியாகச் சாறெடுத்து, அதே டோஸில், அதே பாத வீக்கத்திலும் அதே நெளிவிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்விக்குப் பதில் வந்துவிடும். தரைக்கு மேலுள்ள பாகத்திலும் இரிடாய்டுகள் போதிய அளவு இருக்கின்றன. வலி, இரத்தக்கசிவுச் சோதனைகளில் அது வேருக்கு ஈடு கொடுத்தது. இன்றைய சீன மருந்துத் தர நூல் 'உலர்ந்த தரைமேல் பாகம்' என்றுதான் வரையறுக்கிறது. பறிக்க வேண்டியது இலையுதிர் காலத்தில், பூத்துக் காய்க்கும் பருவத்தில். அந்தப் பருவத்தில் அரிவாளைத் தரைக்கு மேலாக ஓட்டி அறுத்தால் வேர் மண்ணிலேயே கிடக்கும், பழுத்த விதையில் கொஞ்சம் அங்கேயே உதிரும்.